டிராக் ரேஸ் (drag race) கார் கட்டியவர்களே, எதை முதலில் வாங்கினீர்கள்?

பின்சக்கர இயக்கம் உள்ள பழைய கூபே ஒன்று கைக்கு வந்திருக்கிறது. நேர்ப்பாதையில் கால் மைல் சீறிப் பாயும் ஓட்டத்துக்குத் தயார் செய்யப் போகிறேன். கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட், கார்புரேட்டர் என்று எஞ்சினுக்கு ஒரு பட்டியல் போட்டாயிற்று. காசைக் கொட்டுமுன், கட்டி ஓட்டியவர்கள் பட்டதைச் சொல்லுங்கள்.

*

தம்பி, அந்தப் பட்டியலை மடித்து வையுங்கள். என் காரில் கடைசியாகக் கை வைத்தது எஞ்சினில்தான். அப்படிச் செய்ய வைத்தவர் பக்கத்து பிட்டில், அதாவது களத்தில் காரை நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்தில், இருந்த ஒரு பெரியவர். ஓடி முடித்து, ஓட்ட நேரங்கள் அச்சான டைம் ஸ்லிப் சீட்டோடு வந்தேன். குதிரைத்திறன் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. சீட்டை வாங்கி, முதல் 60 அடியைக் கடந்த நேரம் அச்சான வரியில் விரலை வைத்தார். "2.1 நொடியா? இதைக் குறைச்சிட்டு வா, அப்புறம் எஞ்சினைப் பத்திப் பேசலாம்."

மொத்தம் 1,320 அடி. அதில் முதல் 60 அடியில் 0.1 நொடி மிச்சம் பிடித்தால், முடிவுக்கோட்டில் சுமாராக 0.15 முதல் 0.2 நொடி வரை குறையும். அதே 0.1 நொடியை எஞ்சினில் தேடிப் பாருங்கள், பர்ஸ் காலியாகிவிடும். எடையும் அப்படித்தான். சுமார் 45 கிலோ இறக்கினால் 0.1 நொடி என்பது பிட்டில் எல்லாரும் போடும் கணக்கு. பின் சீட்டைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும்.

டயரை மாற்றினால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். சாதாரண டயர் சறுக்கும்போது பின்னால் இருக்கும் பாகங்கள் பிழைத்துக்கொள்கின்றன. பள்ளக்கோடே இல்லாத வழவழப்பான ஸ்லிக் டயர் தரையைக் கவ்விப் பிடித்ததும் அந்த முறுக்கெல்லாம் ஆக்சில் தண்டு, டிரைவ் ஷாஃப்ட்டை இணைக்கும் யூ-ஜாயிண்ட், டிஃபரன்ஷியல் மீது போய் விழும். அதனால் ஆக்சிலும் டிரைவ் ஷாஃப்ட்டும் முதலில், ஸ்லிக் டயர் அதற்குப் பிறகு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரை அவசரப்பட்டு வாங்காதீர்கள். அதன் ஸ்டால் வேகம், அதாவது கார் நகராமல் நிற்கும்போது எஞ்சின் எட்டக்கூடிய உச்ச ஆர்பிஎம், எஞ்சின் நல்ல முறுக்குவிசை கொடுக்கும் ஆர்பிஎம்முக்குப் பொருந்த வேண்டும். கேம்ஷாஃப்ட் எது என்று தெரியாமல் அதைத் தேர்ந்தெடுப்பது குருட்டாம்போக்கு.

லைன் லாக் என்ற பிரேக் பூட்டு மட்டும் உடனே போட்டுவிடலாம். முன் பிரேக்கை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு பின் டயரைச் சுழற்றிச் சூடேற்ற அது போதும். முன் டயரில் பள்ளக்கோடு இருந்தால், தொடக்கக்கோட்டுக்கு முன் டயரை நனைக்கும் ஈர இடமான தண்ணீர்ப் பெட்டியைச் சுற்றிப் போய், பின் டயரை மட்டும் அதில் இறக்குங்கள். ஈரத்தைத் தொடக்கக்கோடு வரை சுமந்துகொண்டு போகிறவரைப் பார்த்தால் பின்னால் நிற்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

*

நான் ஓட்டுகிறவள் இல்லை. ஓட்டத்துக்கு முன் காரைச் சோதிக்கும் வரிசையில் நிற்பவள். மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதுகாப்புச் சாமான் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே!

ஒருவர் கொண்டுவந்த காரில் எஞ்சின் அறை கண்ணாடி போலப் பளபளத்தது. எடையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக பேட்டரியை டிக்கியில் வைத்திருந்தார். நல்ல யோசனைதான். அப்படி வைத்தால் காரின் பின்பக்கம், வெளியிலிருந்து கை எட்டும் இடத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வேண்டும். அதுவும் இருந்தது. "அணைச்சுக் காட்டுங்க சார்" என்றேன். சுவிட்சைத் தள்ளினார். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரியைத் துண்டித்தால் மட்டும் என்ன பயன்? ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் இக்னிஷன் தொடர்ந்து வேலை செய்யுமே. சுவிட்ச் தள்ளப்பட்டதும் எஞ்சினே நிற்க வேண்டும். வயரை மாற்றிப் போட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். முகம் சுருங்கித்தான் போனார்.

அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி நடக்கும் களத்தில் கால் மைலுக்கு 13.99 நொடி அல்லது அதற்கும் வேகம் என்றால் ஹெல்மெட் கட்டாயம். 11.49க்கு வந்தால் ரோல் பார் (கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய் வளைவு), 9.99க்கு வந்தால் ரோல் கேஜ் (அதே போல் சுற்றிலும் கூண்டு). டிரைவ் ஷாஃப்ட் லூப்பை மறக்காதீர்கள். முன் யூ-ஜாயிண்ட் உடைந்தால் தண்டு கீழே விழுந்து தரையில் குத்தாமல் தாங்குவது அந்த வளையம்தான். வீல் ஸ்டட்டில் நட் எத்தனை சுற்று ஏறியிருக்கிறது என்றும் பார்ப்போம். ஸ்டட்டின் விட்டத்தின் அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் போதும். கூலன்ட் சிந்தினால் பாதை வழுக்கும், துடைத்து முடிப்பதற்குள் மாலை ஆகிவிடும்.

*

எல்லாரும் நொடியைக் குறைப்பதிலேயே நிற்கிறீர்கள். பிராக்கெட் ரேஸ் ஓட்டப் போகிறவருக்கு அது பாதிக் கதைதான். அதில் ஒவ்வொருவரும் தம் கார் எத்தனை நொடியில் ஓடும் என்று முன்பே எழுதிக்கொடுக்க வேண்டும், அதுதான் டயல்-இன். 10 நொடி காருக்கு எதிராக ஓர் அம்மா 15 நொடி வண்டியில் நின்றதைப் பார்த்தேன். டயல்-இன் நேரத்து வித்தியாசத்தின்படி அவருக்கு விளக்கு முன்னதாக விழுந்தது. கடைசி மஞ்சளிலேயே மிதித்துக் கிளம்பினார். பச்சைக்காகக் காத்திருப்பவர் அங்கேயே பின்தங்கிவிடுவார், ஏனென்றால் மஞ்சளுக்கும் பச்சைக்கும் இடையே இருப்பது 0.5 நொடி. துரத்தி வந்த 10 நொடி கார்க்காரர் முடிவுக்கோட்டை முதலில் தாண்டிக் கையைத் தூக்கினார். ஆனால் தாம் எழுதிக்கொடுத்த நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டார், பிரேக் அவுட். வெற்றி விளக்கு எரிந்தது அம்மா பக்கம். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஓடும் கார் வேண்டுமா, வேகமான கார் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் நண்பரே.

*

எல்லாருக்கும் நன்றி. கேம்ஷாஃப்டை அடித்துவிட்டு ஆக்சில் என்று எழுதியாயிற்று. இப்போதைக்கு 12 நொடிக்கு மேல்தான் ஓடும். அக்கா, ரோல் பாரும் ஐந்து முனை பெல்ட்டும் இப்போதே வாங்கி வைத்துவிடட்டுமா?

*

ரோல் பார் போடுங்கள் தம்பி. கார் காலியாக இருக்கும்போதே வெல்டிங் முடிந்தால் நல்லது, தரைவிரிப்பும் வயரும் வந்தபின் தீப்பொறியோடு மல்லுக்கட்ட வேண்டும். தலை படும் இடத்தில் பேடிங் உண்டா என்று பாருங்கள். பெல்ட்டைக் கடைசியில் வாங்குங்கள். பெல்ட்டில் இருக்கும் எஸ்எஃப்ஐ 16.1 என்ற பாதுகாப்புத் தர லேபிளுக்கு ஆயுள் இரண்டு வருடம், அது தயாரிப்புத் தேதியிலிருந்து ஓடும், நீங்கள் மாட்டிய நாளிலிருந்து இல்லை. கடையில் லேபிளைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.