ஆட்டுக்குத் துள்ளுமாரி, ஆளுக்கு வயிற்றுப்போக்கு: பெர்ஃப்ரிஞ்சென்ஸ் அனுபவங்கள்

செம்மறி வளர்க்கிறவன் நான். எங்கள் பட்டியில் முதலில் விழுந்தது நோஞ்சான் குட்டி இல்லை, இருந்ததிலேயே கொழுத்த கிடாக்குட்டி. அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடந்த தானியத்தை மந்தை வயிறுமுட்ட மேய்ந்திருந்தது. விடிகாலையில் பார்த்தால் குட்டி தலையைப் பின்னால் வளைத்து, காலை உதைத்துத் துடிக்கிறது. கால்நடை மருத்துவர் வருவதற்குள் போய்விட்டது. பாம்புக்கடி என்றார்கள் சிலர். மருத்துவர் உடனே அறுத்துப் பார்த்தார். சிறுநீரகம் கூழாக இருந்தது. துள்ளுமாரி நோய் என்றார்.

இதற்குக் காரணமான க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா நல்ல ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்குமாம். செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்கினால் அதற்குக் கொண்டாட்டம். அது சுரக்கும் எப்சிலான் நச்சு முதலில் வீரியமில்லாமல்தான் இருக்கிறது. அதை முடுக்கிவிடுவது டிரிப்சின், ஆட்டின் சொந்தச் செரிமான நொதி! அப்புறம் ரத்தத்தில் கலந்து மூளை வரை போய்விடும். மருந்து கொடுக்கப் பெரும்பாலும் நேரமே கிடைக்காது, தடுப்பூசிதான் வழி. குட்டிக்கு ஒரே ஊசியோடு நிறுத்தாதீர்கள், சில வாரம் கழித்து இரண்டாவதும் போட வேண்டும். சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு.

———

எனக்கு இதே கிருமி விடுதிச் சாப்பாட்டில் அறிமுகம். பெரிய அண்டாவில் சமைத்த இறைச்சியை அப்படியே ஆறவிட்டு, மறுநாள் லேசாகச் சுடவைத்துப் பரிமாறினார்கள். ராத்திரி பாதிப் பேர் கழிவறை வாசலில். வயிற்றைப் பிசையும் வலி, தண்ணீராகப் போனது. காய்ச்சல் இல்லை, வாந்தியும் அநேகமாக இல்லை. ஒரு நாளில் சரியாகிவிட்டது.

"நல்லா கொதிக்க வச்சோமே" என்றார் சமையல்காரர். அது உண்மைதான். கொதியில் கிருமி சாகும், அதன் ஸ்போர், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கும் விதை போன்ற வடிவம், தப்பிவிடும். அண்டா மெல்ல ஆறும்போது ஸ்போர் முளைக்கும். 45 டிகிரி சூட்டை ஒட்டி ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சாப்பிட்டவரின் குடலுக்குள் அது மறுபடி ஸ்போர் உண்டாக்கும்போதுதான் நச்சு வெளியாகிறது. அதனால்தான் வயிறு கலங்க 6 முதல் 24 மணி நேரம் பிடிக்கிறது. மிஞ்சியதை ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துச் சீக்கிரம் குளிரவைத்தால் இந்த வம்பு வராது.

———

அப்போ ஆட்டிடமிருந்து ஆளுக்கு ஒட்டுமா?

———

ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். துள்ளுமாரி அப்படி ஒட்டாது. நச்சை வைத்து இந்தக் கிருமியை ஏ முதல் ஜி வரை 7 வகையாகப் பிரிப்பார்கள். துள்ளுமாரிக்குக் காரணம் டி வகை, விடுதியில் நடந்தது எஃப் வகையின் வேலை.

ஆடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. செத்த ஆட்டின் குடலில் கிருமி இருப்பது மட்டும் சான்றாகாது, இறந்தபின் அது தானாகவே பெருகும். நாங்கள் தேடுவது குடல் திரவத்தில் நச்சை. செத்த சூட்டோடு எடுத்து, ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள். வெயிலில் கிடந்து உப்பிப்போன ஆட்டை வைத்து எங்களால் எதையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.