தாத்தாவின் பழைய ரிவால்வர்: வெப்ளியா, என்ஃபீல்டா? விலை எப்படிப் பார்ப்பது?

தாமிரவருணி: தாத்தா காலமானதும் அவருடைய ரிவால்வரை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கியாயிற்று. நடுவில் மடங்கித் திறக்கும் வகை, ஆறு தோட்டா, 4 அங்குல பேரல். ‘மார்க் 4’ என்று தெரிகிறது, மற்ற எழுத்துகள் மங்கல். லைசென்ஸ் புத்தகத்தில் போர் (bore, அதாவது எந்த அளவுத் தோட்டா போகும் என்ற குழல் விட்டம்) எழுதிய இடம் அழிந்துவிட்டது. இது எது? விற்றால் என்ன மதிப்பு? அதற்கு முன் பாலிஷ் போட்டுவிடலாமா?

பழையஇரும்பு: பாலிஷ் வேண்டவே வேண்டாம், துணியால்கூடத் தேய்க்காதீர்கள்.

வெப்ளி, என்ஃபீல்டு இரண்டும் இங்கிலாந்து ரிவால்வர்கள். உங்களுடையது என்ஃபீல்டாக இருக்க வாய்ப்பு குறைவு. 1932-இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட என்ஃபீல்டு நம்பர் 2-இல் 5 அங்குல பேரல். கிரீடம், ‘என்ஃபீல்டு’, வருடம் எல்லாம் வலப்பக்கம் ஃபிரேமில் (துப்பாக்கியின் உடல் பகுதியில்) இருக்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பது தற்செயல் இல்லை. தங்கள் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று வெப்ளி கம்பெனி சண்டை போட்டு, கடைசியில் 1,250 பவுண்டு வாங்கியது. உங்களுடையதில் சிறகு வைத்த தோட்டா சின்னம் இருக்கிறதா பாருங்கள். அதுதான் வெப்ளி அண்ட் ஸ்காட்டின் முத்திரை. ராணுவத்துக்குப் போன வெப்ளியும் 5 அங்குலம்தான் என்பதால், 4 அங்குலம் என்றால் பெரும்பாலும் கடை விற்பனைக்கு வந்தது.

ஆனால் முதலில் தெரிய வேண்டியது போர். மார்க் 4 மாடல் .38-இலும் வந்தது, .32-இலும் வந்தது. நம் நாட்டில் .38 ரிவால்வர் தடைசெய்யப்பட்ட போர். வாங்குபவரிடம் மத்திய உள்துறை தந்த லைசென்ஸ் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட ஆள் கிடைப்பதே அபூர்வம். .32 என்றால் நிலைமை தலைகீழ்.

எழுத்து மங்கலாக இருந்தால் கடைக்காரரை வெர்னியர் காலிப்பர் வைத்துச் சிலிண்டரின் (தோட்டா போடும் சுழல் உருளையின்) பின்பக்கத் துளையை அளக்கச் சொல்லுங்கள். .32 எஸ்&டபிள்யூ லாங் தோட்டாவுக்கானது என்றால் சுமார் 8.6 மி.மீ., .38 எஸ்&டபிள்யூ தோட்டா என்றால் 9.8 மி.மீ. பக்கம். குழப்பமே வராது.

எண்ணெய்த்துணி: மேலே சொன்னது சரி. .32 என்று உறுதியானால் நிலையைப் பார்க்கலாம். தோட்டா இல்லை என்று ஆறு துளையையும் கண்ணால் பார்த்த பிறகுதான் கையில் எடுக்கணும்.

மூடிய நிலையில் பேரலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஹாமருக்கு (தோட்டாவை அடிக்கும் சுத்திக்கு) முன்னால் உள்ள கொக்கி தேய்ந்திருந்தால் ‘டிக் டிக்’ என்று ஆடும். மடங்கு துப்பாக்கியில் முதலில் போகிற இடம் அதுதான். உள்ளூரில் வெல்டு வைத்து ஒட்டியிருந்தால் விலை விழும். அடுத்து முழுக்கத் திறவுங்கள்: தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு மேலே எழும்பி, கடைசியில் படக்கென்று உள்ளே போகணும். பாதியில் நின்றால் லீவர் தேய்வு. அப்புறம் ஹாமரை மெல்ல இழுத்து, சிலிண்டர் ஆறு இடத்திலும் பூட்டுகிறதா பாருங்கள். காலித் துளையில் ஹாமரை விடாதீர்கள், ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மறுபடி ப்ளூயிங் (இரும்பின் மேலுள்ள கருநீல மெருகு) போட்டதா என்பது எழுத்தில் தெரிந்துவிடும். நகத்தால் தடவினால் அசல் எழுத்தின் ஓரம் சுரீர் என்று தட்டும். பஃபிங் பட்டது சோப்பில் குத்திய எழுத்து மாதிரி வழுக்கும். திருகுத் தலைகளும் பேரலும் ஒரே பளபளப்பில் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

தாமிரவருணி: கடையில் அளந்தார்கள். ஆறு துளையும் 8.6. சிறகுச் சின்னமும் இருக்கிறது.

பழையஇரும்பு: அப்படியானால் .32, நல்ல சேதி. பர்மிங்காம் புரூஃப் முத்திரையையும் (அங்கே சுட்டுச் சோதித்ததற்கான குறி) பாருங்கள். கிரீடத்தின் கீழ் பிவி, என்பி என்று தனித்தனியாக இருந்தால் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தையது. பிஎன்பி என்று ஒரே முத்திரை என்றால் அதற்குப் பிறகு. இது முக்கியம், ஏனென்றால் உத்தரப் பிரதேசத்தில் 2020-க்குப் பின் வெப்ளி என்ற இதே பெயரில் .32 தயாராகிறது, பழைய இங்கிலாந்துச் சரக்குக்கான விலை அதற்குக் கிடையாது. கான்பூர் ஆர்டினன்ஸ் தொழிற்சாலையின் .32-உம் இதே வடிவத்திலிருந்து வந்ததுதான்.

எண்ணெய்த்துணி: ஃபிரேம், பேரல், சிலிண்டர் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடும் சேர வேண்டும், ஒரு இலக்கம் மாறினாலும் பெயர் மாற்றம் தடைபட்டுவிடும். படம் போடும்போது கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துவிடுங்கள். விலையை இரண்டு டீலர்களிடம் எழுத்தில் கேளுங்கள், ‘டெபாசிட்டில் இருக்கும் கடைக்கே கொடு’ என்று அவசரப்படுத்தினால் நகராதீர்கள். வாரிசுகள் லைசென்ஸ் கேட்பதானால் ஆட்சியர் அலுவலகம், மாநகரமானால் காவல் ஆணையர். விற்பதா வைத்துக்கொள்வதா என்று மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதத்தை முதலில் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இழுக்கும்.