புரூஸ் லீ மோகம் மட்டும் ஏன் குறையவே இல்லை?

காட்பாடிக்காரன்: சத்துவாச்சாரியில் அக்கா பையனைக் கராத்தே வகுப்பில் சேர்க்கப் போனேன், சுவர் முழுக்க புரூஸ் லீதான். அவர் இறந்தது 1973இல், இந்தப் பொடியனுக்கும் அவர்தான் ஹீரோ. ஜாக்கி சான், டோனி ஜா என்று எத்தனை பேர் வந்தாச்சு, இவர் மட்டும் எப்படி?

குடியாத்தம் தறி: தம்பி, மொழியே வேண்டாமே, அதுதான் விஷயம். கட்டைவிரலால் மூக்கைத் தேய்ப்பார், அசையாமல் நிற்பார், அப்புறம் கை போனதே தெரியாது, எதிராளி கீழே கிடப்பான். உடம்பும் ஒல்லி, நம்ம ஊர்ப் பையன் கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றி நின்று "நமக்கும் வரும்" என்று நம்பலாம். அர்னால்டைப் பார்த்து யார் அப்படி நம்புவாங்க?

ஆற்காடு ரசிகை: 32 வயதில் போனதும் ஒரு காரணம் அண்ணே. 'என்டர் தி டிராகன்' அமெரிக்காவில் ஓடியபோது ஆள் உயிரோடு இல்லை. வயதாகித் தளர்ந்துபோன புரூஸ் லீயை யாருமே பார்க்கவில்லையே.

காட்பாடிக்காரன்: சின்ன வயதில் போன நடிகர்கள் நிறைய பேர் இருக்காங்க, எல்லாரையுமா சுவரில் ஒட்டுறோம்? தறி அண்ணன் சொல்றதுதான் சரி.

பாலாற்று மணல்: இதில் வேடிக்கை, அவர் கராத்தே ஆளே இல்லை. ஹாங்காங்கில் இப் மேன் என்ற குருவிடம் கற்றது விங் சுன் என்ற குங்ஃபூ வகை, பிறகு தானே உருவாக்கியது ஜீத் குன் டோ. மாஸ்டரிடம் சொல்லிடாதீங்க, பையனுக்கு பெல்ட் கிடைக்காது.