வாளையாறு தாண்டி வந்த படப்பெட்டிகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தமிழ்நாடு-கேரள எல்லையோரத் தமிழர்களின் சினிமா அனுபவங்களை இங்கே கேட்டிருந்தீர்கள். நான் உட்கார்ந்து பார்த்த படங்களைவிட நின்றுகொண்டு ஓட்டிய படங்களே அதிகம். எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் தாலுகாவில் ஒரு கொட்டகையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எங்கள் பகுதி கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1956இல் கேரளத்தில் அடங்கியது. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம். கொட்டகை வாசலில் மட்டும் ஊரே ஒன்றைத்தான் கேட்கும்: கோயம்புத்தூரில் ஓடுகிற படம் இங்கே எப்போது வரும்?

ஆனால் கொட்டகையின் உரிமம் கேரளத்தினுடையது. அதனால் படத்துக்கு முன் போட வேண்டிய, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம் எங்களுக்கு மலையாளத்தில் வரும். உரிமத்தின் நிபந்தனை என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. அதற்கு வாடகையும் கொட்டகைக்காரரே கட்ட வேண்டும். அவசரநிலைக் காலத்தில் 20 அம்சத் திட்டத்தைப் பற்றி மலையாளத்தில் கேட்டுவிட்டு, அதே மூச்சில் தமிழ்ப் படத்துக்கு விசில் அடித்த கூட்டத்தை நான் ஆபரேட்டர் அறையின் துவாரம் வழியாகப் பார்த்திருக்கிறேன். டில்லி அரசு, திருவனந்தபுரத்து உரிமம், சென்னைப் படம். மூன்றும் ஒரே வெள்ளைத் துணியில் அடுத்தடுத்து விழுந்தன.

படப்பெட்டி சென்னையிலிருந்து ரயிலில் வாளையாறு எல்லை தாண்டிப் பாலக்காட்டுக்கு வரும். அங்கிருந்து பஸ்ஸின் மேற்கூரையில் எங்கள் ஊருக்கு. பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுப்பது தணிக்கைச் சான்றிதழின் நகலைத்தான். அதிகாரி எவர் வந்தாலும் அதைக் காட்ட வேண்டும். முதல் பகுதியில் படத்தின் பெயர், நீளம், ரீல்களின் எண்ணிக்கை. இரண்டாம் பகுதியில் வெட்டுகளின் பட்டியல்: எந்த ரீலில், எந்த வசனம், எவ்வளவு நீளம். ஊரார் பார்க்கப்போகும் படத்தில் என்னவெல்லாம் இல்லை என்பதை அந்தத் தாளில்தான் வாசித்தேன். ஒரு அமைச்சரைக் குறிக்கும் சொல், காவலர் லஞ்சம் வாங்கும் காட்சியில் சில அடிகள் என்று பொறுமையாக எழுதியிருப்பார்கள். அரசியல் சினிமாவை எப்படி வடிவமைக்கிறது என்று இன்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தாளே பாடப் புத்தகமாக இருந்தது.

ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினொரு நிமிடம் ஓடும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றும். இரண்டாவது புரொஜெக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். சில விநாடிகளில் அடுத்த புள்ளி. அப்போது மாற்றிவிட வேண்டும். இடையில் புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகளின் நுனிகளை ஒன்றையொன்று தொடாமலும் விலகாமலும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எரிந்து குறைந்ததைக் கவனிக்காவிட்டால் கதாநாயகியின் முகம் மஞ்சளாகிவிடும்.

அந்த அடிக்கணக்குக்குள்ளும் அரசு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று ஆங்கில அரசு வரம்பு வைத்தது. கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நான்கு மணி நேரக் கதைகளும் ஐம்பது பாடல்களும் சுருங்கியதற்கு அந்த உத்தரவும் ஒரு காரணம். ரசனை தானாக மாறியது என்று எழுதுகிறவர்கள் இதைச் சேர்த்து எழுத வேண்டும்.

வரிக்கு வருகிறேன். கேரளத்தில் கேளிக்கை வரி உள்ளாட்சிக்கு உரியது. டிக்கெட் கட்டுகளைப் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோய் முத்திரை வாங்கி வருவோம். 2006இல் தமிழ்நாட்டில் தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு வரிவிலக்கு வந்தது. பெயர்கள் மாறின, விளம்பரங்கள் மாறின. எல்லையில் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அப்படிப் பெயர் வைத்த படத்துக்கு அப்போது வரி இல்லை. இந்தப் பக்கம், தமிழர்களே நிறைந்த கொட்டகையில், அதே படத்துக்கு வரி கட்டினோம். தமிழை வளர்க்கும் அரசாணை எங்கள் தமிழ் வரைக்கும் எட்டவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பாறசாலையிலிருந்து:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் தெற்கு எல்லையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2013இல், மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியலின் வாழ்க்கையை வைத்து வந்த மலையாளப் படத்தை அம்மாவோடு திருவனந்தபுரத்தில் பார்த்தேன். அம்மா நாகர்கோவில்காரர். படம் முடிந்து வெளியே வந்ததும், "இவ்வளவு பக்கத்தில் நடந்திருக்கிறது, எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்றார். அதன்பிறகுதான் தேடித்தேடி வாசித்தேன்.

டேனியல் கன்னியாகுமரிப் பக்கத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர், நாடார். குடும்பச் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ தொடங்கி 'விகதகுமாரன்' எடுத்தார். 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்குகள் உண்டு. அது பேசாப் படம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். படத்தில் குரல் இல்லாததால் அதை எவரும் தமிழ்ப் படம், மலையாளப் படம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1931இல் பேசும் படம் வந்ததும் கதை மாறிற்று. அப்போதும் உடனே பிரிந்துவிடவில்லை; அந்த ஆண்டு வந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம், ஆனால் அதில் தெலுங்குப் பாடல்கள் இருந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் தயாரானது. ஒலிப்பதிவுக் கருவி எங்கே இருந்ததோ அங்கே போய்த்தான் ஒரு மொழி தன் சினிமாவை எடுக்க வேண்டியிருந்தது. 1956இல் மாநிலங்களுக்குக் கோடு கிழிப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஒலி எங்களுக்கு நடுவே கோடு கிழிக்கத் தொடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

பி.கே. ரோசிதான் என்னைத் தூங்கவிடாதவர். தலித் பெண். 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டபோது அவரோடு சேர்ந்து உட்கார உயர்சாதிக்காரர்கள் மறுத்தார்கள், திரைமீது கல்லெறிந்தார்கள், அவருடைய குடிசையை எரித்தார்கள். அவர் ஊரைவிட்டு ஓடி, ஒரு லாரி ஓட்டுநரை மணந்து, நாகர்கோவிலில் தமிழ்ப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். மலையாளத் திரையின் முதல் கதாநாயகி உயிர் பிழைக்க மொழியையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

டேனியலும் 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். தமிழ்நாட்டில் வசிப்பவர் என்று காரணம் காட்டி அவருக்குக் கேரளத்தில் ஓய்வூதியம் மறுக்கப்பட்டதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். படத்தின் பிரதியோ அவர் வீட்டிலேயே அழிந்தது. தீயின் நீல நிறத்தைப் பார்க்கும் ஆசையில் சிறுவனாக இருந்தபோது சுருளை எரித்ததாக அவருடைய மகனே பின்னாளில் சொன்னார். அக்காலத்து நைட்ரேட் பிலிம் பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். 1992 முதல் கேரளத்தின் உயரிய திரை விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது.

பாலக்காட்டிலிருந்து:

நான் பள்ளி ஆசிரியர். டிசம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போவது வழக்கம். 2022இல் ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் முகமதிக்கு விருது அறிவித்திருந்தார்கள். அவரால் வர முடியவில்லை. எதிர்ப்பின் அடையாளமாக, வெட்டிய தம் தலைமுடியை அனுப்பியிருந்தார். விருதை அவருக்காகப் பெற்றுக்கொண்ட கிரேக்க இயக்குநர் அதீனா ராக்கேல் சங்காரி அந்த முடியை மேடையில் தூக்கிக் காட்டினார். சினிமாவும் அரசும் என்றால் எனக்கு இப்போது முதலில் நினைவுக்கு வருவது அதுதான். இன்னோர் ஈரானிய இயக்குநரான ஜாஃபர் பனாஹிக்கு 2010இல் இருபது ஆண்டுகள் படம் எடுக்கத் தடை விதித்தார்கள். அவர் வீட்டுக்குள்ளேயே எடுத்த படம் அடுத்த ஆண்டே பிரான்சின் கான் திரைப்பட விழாவில் ஓடியது. கார்பன் விளக்கும் பெரிய கேமராவும் மட்டுமே இருந்த காலத்தில் அது நடந்திருக்காது. கருவி சிறுத்தால் அரசின் கைக்கு அகப்படுவது கடினம்.

இங்கேயும் அப்படி ஒன்று நடந்தது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கி, சிறிய 16 எம்.எம். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார்கள். மக்களிடம் திரட்டிய பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். 'அக்ரஹாரத்தில் கழுதை' என்ற தமிழ்ப் படத்தை எடுத்ததும் அதே ஜான்தான். கியூபாவில் புரட்சிக்குப் பின் அரசே லாரியில் புரொஜெக்டர் ஏற்றி மலைக் கிராமங்களுக்குச் சாப்ளினைக் கொண்டுபோனது. அங்கே அரசு செய்த வேலையை இங்கே கையில் காசில்லாத இளைஞர்கள் செய்தார்கள். என் மனம் இவர்கள் பக்கம்தான்.

ஐயா, இப்போது உங்கள் பக்கத்தில் கொட்டகைகளின் நிலை என்ன?

மீண்டும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பாறசாலைத் தங்கைக்கு நன்றி. ரோசி நாகர்கோவிலில் வாழ்ந்தது எனக்குப் புதிய செய்தி.

ஆசிரியருக்குப் பதில்: நான் வேலை பார்த்த கொட்டகை கல்யாண மண்டபமாகிவிட்டது. அக்கா மகன் வேறொரு தியேட்டரில் இருக்கிறான். அங்கே பெட்டி வருவதில்லை. படம் முன்பே சர்வரில் இறங்கிவிடும். திறக்கச் சாவி மின்னஞ்சலில் வரும். எந்தக் கருவியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதிலேயே பூட்டியிருப்பார்கள். முன்பு பஸ் தாமதமானால் ஜனங்களிடம் பேசிச் சமாளிப்போம். ரீல் ஒன்று வந்தால்கூடத் தொடங்கிவிடலாம். இப்போது எங்கோ ஒரு பாக்கி தீராமல் சாவி வரவில்லையென்றால், முழுப் படமும் கையில் இருந்தும் காலைக் காட்சி கிடையாது. ஆனால் நல்லதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர், கீறல் விழுந்து திரையில் மழை பெய்யும் பிரதிகளையே மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்த ஊர். இன்று சென்னையில் வெளியாகும் அன்றே, அதே தெளிவோடு இங்கேயும் பார்க்கிறார்கள். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது.

என்னிடம் சில சான்றிதழ் நகல்களும் தினவசூல் புத்தகம் ஒன்றும் இருக்கின்றன. படம் எடுத்து இங்கே போடுகிறேன். வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களின் உரிமத் தாள்களோ டி.சி.ஆர். எனப்படும் தினவசூல் புத்தகங்களோ எவரிடமாவது இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் பகிருங்கள். ஆண்டையும், கொட்டகை எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் தவறாமல் எழுதுங்கள்.