பொழுது சாய்ந்தால் கூரையேறும் விடைக்கோழிகள்

இன்னும் முட்டையிடத் தொடங்காத, 14 வார வயதுள்ள 6 விடைக்கோழிகளைப் புதிய மரக்கூட்டுக்கு மாற்றி 12 நாட்களாகின்றன. இன்னும் ஒன்றுகூடத் தானாக அடைவதில்லை; பொழுது சாய்ந்ததும் கூட்டின் கூரைமேலோ பக்கத்து மரக்கிளையிலோ ஏறிவிடுகின்றன.

முதல் 3 நாட்கள் வெளியே விடாமல் உள்ளேயே அடைத்து வைத்தேன். பிறகு மாலைத் தீனியைக் கூட்டுக்குள் மட்டும் போட்டேன். விருந்தாளிகளைப் போலத் தின்றுவிட்டு வெளியே நடந்துவிடுகின்றன! இரவில் டார்ச் அடித்து, கோழிகள் உட்காரும் கட்டையின் அடியிலும் இடுக்குகளிலும் பேன், உண்ணி தேடினேன், எதுவும் இல்லை. இருட்டியபின் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விடுவதே தினசரி வேலையாகிவிட்டது.

உட்காரும் கட்டை 2 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றோட்டம் உண்டு. ஆனால் அந்தி நேரத்தில் வெளியைவிட உள்ளே நன்றாக இருட்டிவிடுகிறது. என் சந்தேகம் அதன்மேல்தான்.

மறுபடியும் ஒரு வாரம் அடைத்து வைப்பதா, அந்தியில் உள்ளே சிறு விளக்கு வைப்பதா, எது உங்களுக்குப் பலன் தந்தது?