ரோசன்பர்க் வழக்கு குறித்த 1951–53 காலப் பத்திரிகைத் தலையங்கங்கள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். அணுகுண்டு ரகசியங்களைச் சோவியத் ஒன்றியத்துக்குக் கடத்தச் சதி செய்ததாக அமெரிக்காவில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஜூலியஸ், எத்தல் ரோசன்பர்க் தம்பதியின் வழக்கை அன்றைய பத்திரிகைகள் எவ்வாறு அணுகின என்பது பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் யூதர்கள்; நீதிபதி கௌஃப்மன், அரசு வழக்கறிஞர் சேபோல் ஆகியோரும் யூதர்களே. ஆனால், யூதர்கள் பெருந்திரளாக வாழ்ந்த நியூயார்க்கில் நடந்த அவ்விசாரணையின் ஜூரியில் ஒரு யூதர்கூட இல்லை. இடதுசாரி இதழான நேஷனல் கார்டியன் 1951 ஆகஸ்டிலிருந்து தீர்ப்பைக் கேள்விக்குள்ளாக்கியது. கம்யூனிசத்தை உறுதியாக எதிர்த்த, இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) நாளேடான ஃபார்வர்டும் தண்டனை மிகக் கடுமையானது என்றே எழுதியது. என்னை மிகவும் ஈர்ப்பது இந்த நிலைப்பாடுதான். மறுபுறம், இவ்வழக்கின் பின்னணியில் யூத வெறுப்பு இருக்கிறது என்ற பேச்சு கம்யூனிஸ்டுகளின் பிரச்சாரம் என முக்கிய யூத அமைப்புகள் மறுத்தன. 1952 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவின் கம்யூனிஸ்ட் அரசு, கட்சித் தலைவர் ஸ்லான்ஸ்கி உள்ளிட்டோர் மீது பிராகில் நடத்திய வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட 14 பேரில் 11 பேர் யூதர்கள் என்பது அவர்களின் அச்சத்தையும் சினத்தையும் கூட்டியிருக்க வேண்டும்.

1953 ஜூன் 19 வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்குக் குறித்திருந்த தண்டனையை, வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்கும் யூதர்களின் ஓய்வு நாளான சப்பாத்தில் வரக்கூடாது என்று சூரியன் மறையும் முன்பே நிறைவேற்றினார்கள். இந்த நேர மாற்றத்தைப் பற்றி எழுதப்பட்ட தலையங்கங்களே எனக்கு முதன்மையாகத் தேவை.

நியூயார்க் பொது நூலகத்தின் யூதப் பிரிவுக்குச் செல்லக்கூடியவர்களும், இத்திஷ் வாசிக்கத் தெரிந்தவர்களை அறிந்தவர்களும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். பிரதியெடுக்கும் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.