60 கி.மீ. வேகத்தில் போகும்போது கார் என்ஜின் சட்டென்று நின்றுபோகிறது: பழைய வண்டிக்காரர்கள் சொல்லுங்கள்

ஓமலூரான்:
93 மாடல் கார், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கார்புரேட்டர் வைத்தது. ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் பழைய வகை, உள்ளே பாயிண்ட் (காயில் கரண்டை விட்டு விட்டு வெட்டும் சுவிட்ச்), கண்டன்சர் வைத்தது. போன மாதம் தர்மபுரியிலிருந்து வரும்போது, தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், என்ஜின் சத்தம் அப்படியே அறுந்துபோனது. இருமவில்லை, திணறவில்லை. நான்காவது கியர், 60 வேகம், ஆக்சிலரேட்டரில் கால் லேசாகத்தான் இருந்தது. பதறிப்போய் கிளட்சை மிதித்தேன். டேஷ்போர்டில் ஆயில், பேட்டரி சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன.

பின்னால் கன்டெய்னர் லாரி. பிரேக்கை முதல் முறை மிதித்தபோது சரியாகப் பிடித்தது. இரண்டாவது முறை பாதிதான். மூன்றாவது முறை காலுக்கடியில் கருங்கல்லை வைத்த மாதிரி இருந்தது. அந்த இறுக்கத்தை என் வலது கால் இன்னும் மறக்கவில்லை. ஓரத்து மண்ணில் இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. டேஷ்போர்டைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவே இல்லை.

சாவியைத் திருப்பி ஒரே செல்ஃப். உடனே ஸ்டார்ட். ஸ்பார்க்குக்கு உயர் அழுத்தக் கரண்ட் தரும் காயில், கண்டன்சர், பாயிண்ட், பிளக் வயர் எல்லாம் மாற்றியாயிற்று. அப்புறமும் இரண்டு முறை நின்றது, இரண்டும் பைபாஸில்தான். ஷெட்டில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரு மணி நேரம் ஐடிலில் விட்டாலும் நிற்பதில்லை.

நாமக்கல் டிரைவர்:
காயில்தான். சந்தேகமே வேண்டாம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறியதும் எனக்கு இப்படித்தான் போனது. காயிலைத் தொட்டேன், கை வைக்க முடியாத சூடு. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துண்டை நனைத்துச் சுற்றிவிட்டு உட்கார்ந்தேன். அந்தத் துண்டிலிருந்து ஆவி கிளம்பியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. மறுநாள் புதுக் காயில் போட்டேன், அத்தோடு சரி. நீங்கள் போட்டது போலிக் காயிலாக இருக்கும் தம்பி. நல்லதாகப் பார்த்து இன்னொன்று போடுங்கள்.

டெஸ்ட் லாம்ப்:
அண்ணன் சொல்வதை ஏற்க முடியவில்லை. அவர் வண்டி ஆற இருபது நிமிடம் பிடித்தது. சூட்டில் உள்சுருள் விட்டுப்போன காயில் அப்படித்தான் செய்யும். ஆறிய பிறகு மீட்டரில் அளந்தால் 3 ஓம் சரியாகவே காட்டும். ஓமலூராருக்கோ ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஆறுவதற்கு நேரமே இல்லை. அவர் வண்டிக்கு மூன்றாவது காயில் வாங்கினாலும் இதே கதைதான்.

பெட்ரோல் தடையும் இல்லை. பெட்ரோல் குறைந்தால் வண்டி இழுத்து இழுத்துச் சாகும். சட்டென்று அறுந்தால் கரண்ட். சிவப்பு விளக்கு எரிந்தது என்றால் சாவி சுவிட்ச் வரைக்கும் சப்ளை இருந்திருக்கிறது.

என் அனுபவம் சின்னதுதான். அப்பாவின் அம்பாசடரில் ஒரு பழைய மெக்கானிக் ஓடும் என்ஜினில், கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் டியூபைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். என்ஜின் நின்றது. வாயை எடுத்தார், செல்ஃப் அடித்தார், ஓடியது. எனக்குப் பன்னிரண்டு வயது, மந்திரம் போல இருந்தது.

இனி உங்களுக்கு. வண்டியில் ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பல்பும் இரண்டு வயரும் போதும். நின்றவுடன் சாவியை ஆன் செய்து, ஒரு வயரை எர்த்தில் (வண்டியின் பாடியில்) பிடித்து, மற்றதைக் காயில் பிளஸ்ஸில் வையுங்கள். எரியவில்லை என்றால் சுவிட்ச் அல்லது அதிலிருந்து வரும் வயர். எரிந்தால் காயில் மைனஸில் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மினுக்கினால் பாயிண்ட் வேலை செய்கிறது. அப்போது காயிலின் உயர் அழுத்தப் பக்கம், டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர், மூடி, மூடியின் நடுவிலிருக்கும் கார்பன் என்று போங்கள். மினுக்காமல் எரிந்தபடியே இருந்தால் பாயிண்டுக்கு எர்த் போகவில்லை. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் எப்போதும் ஒட்டிக்கிடக்கிறது, அல்லது காயிலுக்குள்ளேயே அறுந்திருக்கிறது.

ஆனால் உங்கள் வண்டி அதற்குள் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. அதனால் முதலில் அந்த மெக்கானிக் செய்த டியூப் சோதனை. அந்த டியூபில் வரும் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முன்கூட்டித் தருவதுதான் வேக்குவம் அட்வான்ஸ்; கால் லேசாக இருந்து சீராக ஓடும்போதுதான் அது நன்றாக இழுக்கும். அது பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பிளேட்டைத் திருப்பும், பிளேட்டோடு உள்ளே ஒரு குட்டி வயரும் வளையும். அந்த வயர் உள்ளே அறுந்திருந்தால் அப்போது கரண்ட் விட்டுப்போகும். ஐடிலில் பிளேட் அசையாது. ஷெட்டில் நிற்காததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

செங்கை வாசி:
என்னுடையது 2001 எம்.பி.எஃப்.ஐ வண்டி, கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைத் தெளிப்பது. டிஸ்ட்ரிபியூட்டர் பேச்சு எனக்கு உதவாது, ஆனாலும் சொல்கிறேன். உளுந்தூர்பேட்டை தாண்டி, இரவு பதினொன்று. ஸ்பீடோ 80 காட்டுகிறது, பக்கத்தில் என்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் மட்டும் செத்து சைபரில் கிடக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த முள் விழுந்ததைப் பார்த்ததுதான் இன்றும் கனவில் வருகிறது. பின்சீட்டில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு, கைபேசி டார்ச்சை லாரிகளைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் காரணம் என்று இரண்டு பேர் அதை மாற்றினார்கள். கடைசியில் கண்டுபிடித்தவர் கேட்ட ஒரே கேள்வி: "சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகுமே, நின்றபோது அது கேட்டதா?" கேட்கவில்லை. காரணம், பழைய சொந்தக்காரர் போட்ட திருட்டு அலாரத்தின் கட்-ஆஃப் ரிலே, திருடன் ஓட்ட முடியாமல் கரண்டை வெட்டும் சுவிட்ச். அதை மாட்ட இக்னிஷன் மெயின் வயரை வெட்டி, முறுக்கி, டேப் ஒட்டியிருந்தார்கள். டேப் பிசுபிசுத்து முறுக்கு தளர்ந்திருந்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

நாமக்கல் டிரைவர்:
டெஸ்ட் லாம்ப் தம்பி, நான் முப்பது வருடம் ஓட்டியிருக்கிறேன், காயில் போகாத வண்டியே இல்லை. சரி, டியூபை உறிஞ்சிப் பார்க்கட்டும், காசா பணமா. வேறு ஒன்று சொல்கிறேன். ஓமலூர் தம்பி கிளட்சை மிதித்தது தப்பு. கியரில் விட்டிருந்தால் சக்கரமே என்ஜினைச் சுற்றும், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்கும், பிரேக் கல்லாகாது. கியரில் விட முடியாவிட்டால் பிரேக்கைப் பம்ப் அடிக்காமல் ஒரே மிதியாகப் பிடித்து நிறுத்த வேண்டும். சாவியை மட்டும் உருளும்போது லாக் பக்கம் திருப்பிவிடாதே. ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் யாராலும் காப்பாற்ற முடியாது.

ஓமலூரான்:
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். ஐடிலில் விட்டு, கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றி உறிஞ்சினேன். நின்றது. திரும்பவும் செய்தேன், திரும்பவும் நின்றது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மூடியைக் கழற்றினால் உள்ளே வயர் பார்க்க முழுசாகத்தான் இருக்கிறது. வெளி டெர்மினலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் குட்டி வயர். மூக்குப் பிளையரால் லேசாக இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டது. மேல் உறை மட்டும்தான் பிடித்திருக்கிறது, உள்ளே செம்பு அறுந்து முனையும் முனையும் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பாயிண்ட் மாற்றியபோது இதே வயரைத்தான் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். என் கண் முன்னால்தான் மாட்டினார்கள்.

அண்ணா, கியரில் விடச் சொன்னீர்கள். யோசித்தால், அன்றைக்குக் கியரிலேயே விட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்திருந்தால் பிளேட் திரும்பிவந்து என்ஜின் தானாகவே பிடித்திருக்கும்.

நேற்று தர்மபுரி போய்த் திரும்பினேன். அதே இடம், அதே 60, கால் லேசாக. நிற்கவில்லை. அம்மா இன்னும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை கோவிலுக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

டெஸ்ட் லாம்ப்:
எந்த வயர் போட்டீர்கள்? வீட்டு வயரிங் துண்டு என்றால் உடனே கழற்றுங்கள். அது விறைப்பு, பிளேட் அசைய அசைய மறுபடி அறுந்துவிடும். நூலிழை போல மெல்லிய கம்பிகள் நிறைய இருக்கும் வளையும் வயர் வேண்டும், கொஞ்சம் தொய்வும் விட்டுச் சாலிடர் வையுங்கள். அம்மாவை ஏற்றுவதற்கு முன் இன்னொரு முறை டியூபை உறிஞ்சிப் பார்த்துவிடுங்கள்.